நான் கூட்டிய அரைக்கிலோ

நான் எழுதிய ஓர் ஆணை இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்று ஸ்டெல்லா டீச்சர் போனில் சொன்னபோது, கோயம்புத்தூரில் மகள் வீட்டில் பேரனுக்கு ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டான். மகள் கிண்ணத்தோடு அவன் பின்னால் ஓடினாள். எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் கூத்து அது.

"பால்வாடி ஸ்டெல்லா பேசறேன் சார். உங்க நம்பர வாங்கறதுக்குள்ள மூணு பேருகிட்ட கெஞ்சிட்டேன். அந்த அரைக்கிலோவ வந்து எடுத்துட்டுப் போங்க சார்."

எந்த அரைக்கிலோ என்று நான் கேட்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாகியும் அது எனக்கு மறக்கவில்லை.

அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தைகளின் ஊட்டச்சத்தைப் பார்க்கும் வேலையில், புவனகிரி, சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களுக்கு நான் அதிகாரியாக இருந்தேன். ஒரு வருடம் மழையும் பொய்த்தது, வாய்க்காலிலும் தண்ணீர் வரவில்லை. கடைமடை ஊர் ஒன்றிலிருந்து (பெயரை எழுத மனமில்லை) ஸ்டெல்லா ஒரு பட்டியல் அனுப்பினார். அவர் மையத்தில் ஏழு குழந்தைகளின் எடை சிவப்புக் கோட்டுக்குக் கீழே போயிருந்தது. அந்த வாரம்தான் மாதக் கூட்டத்தில், என் வட்டாரத்தில் சிவப்பே இல்லை என்று எழுந்து நின்று சொல்லியிருந்தேன். கைகூடத் தட்டினார்கள். ஆகவே மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து ஓர் ஆணை எழுதினேன்: "இம்மையத்தின் எடைக்கருவி அரைக்கிலோ குறைத்துக் காட்டுகிறது. இனி இம்மையத்தின் எல்லா எடைகளிலும் அரைக்கிலோ கூட்டிப் பதிவு செய்யவும்."

அந்தத் தராசை நான் பார்த்ததே இல்லை. அந்த ஊருக்கும் அந்த வருடம் போகவில்லை. ஏழு குழந்தைகளும் ஒரே நாளில் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தார்கள். சிவப்புக்குக் கிடைக்கும் இரட்டைப் பங்கு சத்துமாவும் தினசரி முட்டையும் நின்றன. அதில் ஒரு பையன் அந்தக் கோடையைத் தாண்டவில்லை. வயிற்றுப்போக்கு என்று எழுதினார்கள். அது உண்மைதான், அதனால்தான் யாரும் எதுவும் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்றதும் அந்தக் காகிதமும் மக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மக்கவில்லை. எனக்குப் பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் "முந்தைய குறிப்பின்படி தொடரவும்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்கள். தொங்கும் தராசு போய் எலக்ட்ரானிக் தராசு வந்தது. பதிவேடு போய் செல்போன் வந்தது. அரைக்கிலோ மட்டும் போகவில்லை.

"மழை பேஞ்ச வருஷமெல்லாம் அது ஒண்ணும் பண்ணல சார்," என்றார் ஸ்டெல்லா. "இந்த வருஷம் மறுபடியும் காஞ்சிட்டுது. ரெண்டு வயசுப் பொண்ணு ஒண்ணு, மிதுனான்னு பேரு. ஏழு எண்ணூறு இருக்குது. உங்க அரைக்கிலோவ சேத்தா எட்டு முந்நூறு. மஞ்சள். போன மாசத்துக்கு முந்நூறு கிராம் இறங்கியிருக்குது. சிவப்புன்னு வந்தாத்தான் சிதம்பரம் ஆஸ்பத்திரியில சேக்கறதுக்குச் சீட்டு போட முடியும்."

"சீட்டு இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால்?"

"போனேன். டானிக் குடுத்து அனுப்பிட்டாங்க. சீட்டு இருந்தா பெட்டு, தாய்க்கு சோறு, விட்ட கூலிக்கு ஈடு எல்லாம் உண்டு. ஈடு இல்லாம அந்தப் பொண்ணோட அம்மா ரெண்டு வாரம் வேலைய விட்டுட்டு வரமாட்டா. வர முடியாது சார்."

மறுநாள் காலை கடலூரில் இறங்கினேன்.

கடலூர் பேருந்து நிலையத்தில் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டிய காலத்திலும் பிடித்ததில்லை. உட்காரும் இடத்தில் பைகள் உட்கார்ந்திருந்தன, மனிதர்கள் நின்றார்கள். பக்கத்து ஓட்டலில் இட்லி நன்றாக இருந்தது, வடகறி அதைவிட. வேண்டுமென்று குறை தேடினேன், கிடைக்கவில்லை. நான்கு இட்லி சாப்பிட்டேன். எந்தக் காரியமாக வந்திருக்கிறேன் என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

மாவட்ட ஊட்டச்சத்து அலுவலகத்தில் அதிகாரி இல்லை. கூட்டத்தில் இருப்பதாகக் கணக்கு எழுதுகிறவர் சொன்னார். என்ன கூட்டம் என்று கேட்டேன்.

"வறட்சி ஆய்வுக் கூட்டம்."

பதினோரு மணிக்கு உள்ளே சிற்றுண்டிப் பெட்டிகள் போயின. நானும் ஒரு காலத்தில் இப்படி உள்ளே உட்கார்ந்து தின்றவன்தான், பெட்டியைப் பார்த்தே உள்ளிருப்பதைச் சொல்லிவிடுவேன். ஒரு லட்டு, கொஞ்சம் மிக்சர், வறுத்த முந்திரி. மிஞ்சிய பெட்டி ஒன்றை அந்தக் கணக்கர் எனக்கும் கொண்டுவந்து கொடுத்தார். முந்திரி பண்ருட்டிச் சரக்கு, முழுப்பருப்பு. தின்றேன்.

அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கோப்பைத் தேடவில்லை, என்னையே பார்த்தார்.

"நீங்க ரிட்டயர்டு. ரிட்டயர்டு ஆளு வந்து ஒரு ஆர்டர எப்படி கேன்சல் பண்றது?"

"போட்டவன் நான்தான்."

"போட்டது பதவி சார். நீங்க இல்ல."

"பதவிக்குக் கை கிடையாது. எழுதிய கை இதுதான்."

"அது சரி. ஆனா கையி ரிட்டயர்டு ஆயிடுச்சே."

அவரைக் கோபித்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை. இதே பதிலை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். இருந்தாலும் கோபம் வந்தது. மாலை நான்கு மணிக்குக் கூட்டம் முடிந்து அதிகாரி நேராக வேறொரு கூட்டத்துக்குப் போய்விட்டார். நாளைக் காலை வரச் சொன்னார்கள். லாட்ஜில் குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். "போர் எல்லாம் உப்பாயிட்டுது சார், ரெண்டு மாசமா," என்றார் அறையைக் காட்டியவர். கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் ஒரு நாள் தாமதமானால் எங்கள் குடியிருப்பில் போராட்டக் குழு கூடிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் அதிகாரியைப் பார்த்துவிட்டேன். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் பெண். மரியாதையாகப் பேசினார், களைத்திருந்தார். கோப்பை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு தாளாகப் புரட்டி என் ஆணைக்கு வந்தார். நகலின் நகல் அது.

"கையெழுத்து அழகா இருக்கு சார்," என்றார்.

அந்த ஆணை பொய் என்று சொன்னேன். தராசைப் பார்க்காமல் எழுதியதாகச் சொன்னேன். எழுதியும் தருவதாகச் சொன்னேன்.

அவர் தாளை மேசையில் வைத்தார். "எழுதிக் குடுங்க. ஆனா அது மட்டும் போதாது. நாளைக்கு ஆடிட்ல கேட்டா, ஒரு பெரியவர் வந்து வருத்தப்பட்டாருன்னு நான் சொல்ல முடியாது. தராசு சரியா இருக்குன்னு யாராவது சோதிச்சிருக்கணும்."

"சோதிக்கிறவர் யார்?"

"தராசுக்கு முத்திரை போடறவரு. லீவுல இருக்காரு. அடுத்த வாரம் வருவாரு."

"அதற்குள் இந்த மாதப் பட்டியல்?"

"இன்னிக்கி அஞ்சு மணிக்கு மூடிடும். அப்புறம் அடுத்த மாசம்தான்."

ஒரு மாதத்தில் முந்நூறு கிராம் இறங்கிய குழந்தை. மனதுக்குள் கழித்துப் பார்த்தேன். இந்த மாதிரிக் கழித்தலை அந்தக் காலத்தில் ஒருமுறையாவது செய்திருக்கலாம்.

"இந்த வருட முத்திரை உள்ள படிக்கல்லைக் கொண்டுபோய் நானே வைத்துக் காட்டினால்? போட்டோ எடுத்து அனுப்பினால்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "முத்திரை தெளிவா தெரியணும். சாட்சிக்கு ரெண்டு பேரு நிக்கணும். நான் அஞ்சு வரைக்கும் இந்த நாற்காலியிலதான் இருப்பேன்."

இந்த அம்மாள் என்னைவிட நல்ல அதிகாரி. விதியைத் தாண்டவில்லை, விதிக்குள் ஒரு சந்து இருக்கிறதா என்று தேடினார். நான் அதே விதியைச் சுவராக வைத்துக்கொண்டு அதன் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஓடிப்போய் பஸ் ஏறினேன். "புவனகிரி, புவனகிரி" என்று கத்திய கண்டக்டர், எந்த வழியாக என்று கத்தவில்லை. ஊரைத் தாண்டிய பிறகுதான் அது குறிஞ்சிப்பாடி சுற்றிப் போகிற பஸ் என்று தெரிந்தது.

"நேர் பஸ்ஸுன்னா ஏறும்போதே கேக்கணும் பெரியவரே," என்றார் கண்டக்டர்.

"நீங்கள் சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா யாரு ஏறுவா?"

பாட்டுச் சத்தத்தில் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. வழியில் ஓர் ஏரி. ஏரி என்று பலகை சொன்னது. உள்ளே இரண்டு ஜோடி ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். வயல்களில் நட்ட நெல் முழங்கால் உயரத்தில் காய்ந்து நின்றது. குறிஞ்சிப்பாடிக்கு முன்னால் டயர் போனது.

டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "மச்சான், ஸ்டெப்னி எங்க?" என்றார்.

"நேத்து பஞ்சர் ஒட்டக் குடுத்தமே மாமா."

"குடுத்தமே, வாங்குனமா?"

இருவரும் அதைச் சிரித்தபடியே பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி பன்னிரண்டு. பயணிகள் எல்லாரும் இறங்கி ஒரு புளியமரத்தடியில் நின்றோம். பண்ருட்டியிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்த ஒரு பெண், பழத்தைக் கீழே வைத்து அதன் மேலேயே கையை ஊன்றிக்கொண்டு, பக்கத்தில் நின்ற விவசாயியிடம் பேசிக்கொண்டிருந்தார். பழம் தேங்காயைவிடக் கொஞ்சம்தான் பெரிது.

"இன்னா பழம் இது, பிஞ்சிலயே பறிச்சியா?"

"இல்ல, பழுத்ததுதான். இந்த வருஷம் மரத்துக்கும் ரேஷனு."

"எங்க ஊட்லயும் ரேஷன்தான். ரேஷன் அரிசி, தண்ணி, உப்பு. எம்பொண்டாட்டி ரசம்னு சொல்லி ஊத்தறா. நான் கேக்கறதில்ல."

"அரிசி குடுக்கறானே, அது போதாதா உனக்கு?"

"எனக்குப் போதும். புள்ளைங்களுக்குத்தான் ஆவல."

பஞ்சம் என்றால் பானை காலியாக இருக்கும் என்றுதான் நான் அறிக்கைகளில் எழுதிவந்தேன். பானையில் சோறு இருக்கிறது, ஆகவே பஞ்சம் இல்லை என்றும் எழுதினேன். இந்த ஊர்களில் தண்ணீர் இருந்தால் வாய்க்காலில் கெண்டைக்குஞ்சு கிடைக்கும், வரப்பில் கீரையும் நத்தையும் கிடைக்கும், வீட்டுக்கொரு மாடாவது பால் தரும். தண்ணீர் போனால் இவையெல்லாம் ஓசையில்லாமல் போய்விடும். சோறு மட்டும் மிஞ்சும். பெரியவர்கள் சோற்றைத் தின்று உயிரோடு இருந்துவிடுவார்கள். இரண்டு வயதுக் குழந்தையால் முடியாது. இது எனக்கு அப்போதே தெரியும். படித்திருந்தேன்.

வேறு பஸ் பிடித்து, புவனகிரி வந்து சேரும்போது இரண்டரை மணி. படிக்கல் தேடினேன். மூன்று கடைகளில் எலக்ட்ரானிக் தராசு. "கல்லா? பேரீச்சம்பழத்துக்குப் போட்டாச்சி," என்றார் ஒருவர். நான்காவது, புண்ணாக்கும் தவிடும் விற்கும் கடை. கடைக்காரர் மூட்டை மேல் சாய்ந்து செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். பழைய தராசும், வரிசையாகக் கல்லும் இருந்தன. அடியில் ஈயத்தில் இந்த வருட முத்திரை.

"அஞ்சும் ரெண்டும் குடுத்துட்டா நான் எத்த வச்சி யாவாரம் பண்றது?"

"நாளைக்குக் கொண்டுவந்து தந்துவிடுகிறேன்."

"எதுக்குய்யா கல்லு?"

சொன்னேன், முழுதாக. அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"எடுத்துட்டுப் போங்க. யாவாரம்னு வாய்தான் சொல்லுது. மாடு எல்லாம் சந்தைக்குப் போயிட்டுது, புண்ணாக்க நானா தின்னப் போறேன்?" பிறகு என் வயதைப் பார்த்து, "தூக்குவீங்களா?" என்றார்.

துணிப்பையில் ஏழு கிலோ இரும்பு. ஷேர் ஆட்டோவில் எட்டுப் பேருக்கு நடுவில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஊர் முனையில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து பால்வாடி வரை நடக்கும்போது மூன்று முறை கையை மாற்றினேன்.

ஸ்டெல்லா வாசலில் நின்றார். தலை நரைத்துவிட்டது, நெற்றியில் கண்ணாடி. வாங்க என்று சொல்லவில்லை, பையைப் பார்த்தார்.

"கல்லா சார்? இருபது வருஷத்துக்கு முன்னாடி கொண்டாந்திருந்தா இன்னும் கொஞ்சம் லேசா இருந்திருக்கும் உங்களுக்கு."

பையைக் கீழே வைத்தேன். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது.

எலக்ட்ரானிக் தராசைச் சமமாக வைத்தோம். உதவியாளரும், குழந்தையைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு தகப்பனாரும் சாட்சி. ஐந்தை வைத்தேன். ஐந்து. இரண்டையும் சேர்த்து வைத்தேன். ஏழு. ஸ்டெல்லா போனில் படம் எடுத்தார். பிறகு உள்ளே போய், டிரங்குப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். வட்ட முகமும் கொக்கியும் உள்ள பழைய தொங்கு தராசு.

"இதை இன்னும் வைத்திருக்கிறீர்களா?"

"பழுதுன்னு எழுதுனீங்க. பழுதுன்னா சர்டிபிகேட் வேணும், அப்பத்தான் கழிக்கலாம். சர்டிபிகேட்டுக்கு வந்தவங்க எல்லாம் பழுது இல்லையேன்னுட்டுப் போயிட்டாங்க. நான் எங்கத்தான் போடறது?"

அதை உத்தரத்தில் மாட்டி, பையோடு கற்களைத் தொங்கவிட்டோம். முள் ஏழைத் தொட்டு, பைக்காக ஒரு மயிரிழை தாண்டி நின்றது. நான் அதன் கீழே நின்று பார்த்தேன். அதைச் சோதிக்க எனக்கு ஐந்து நிமிடமும் ஒரு கடைக்காரரின் நல்ல மனசும்தான் வேண்டியிருந்தது. அன்றைக்கும் அவ்வளவுதான் வேண்டியிருந்திருக்கும்.

உள்ளே இருந்த மிதுனாவைக் கொண்டுவந்து தராசில் நிறுத்தினார்கள். அழவில்லை. அழாத குழந்தையைப் பார்த்தால் பயப்பட வேண்டும் என்று நானே பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருக்கிறேன். தலைமுடி செம்பட்டையாகி நூல்போல் இருந்தது. ஏழு எண்ணூறு.

அங்கேயே உட்கார்ந்து கடிதம் எழுதினேன். சுருக்கமாக: "மேற்படி ஆணையில் நான் எழுதியது பொய். எடைக்கருவியை நான் பார்க்கவில்லை. பட்டியலைச் சுருக்குவதற்காக எழுதினேன்." இரும்பு தூக்கிய கை. இந்த முறை கையெழுத்து அழகாக வரவில்லை.

படங்களையும் கடிதத்தையும் அனுப்ப சிக்னல் இல்லை. ஸ்டெல்லா தண்ணீர்த் தொட்டியின் படியில் ஏறி நின்று போனைத் தூக்கிப் பிடித்தார். நாலு நாற்பதுக்குப் போனது. அதிகாரி கூப்பிட்டார்.

"சார், பார்த்தேன். எல்லாம் தெளிவா இருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன். அரைக்கிலோவ எடுத்தா ஒரு குழந்தை இல்ல, அந்த மையத்துல ஒம்பது குழந்தைங்க சிவப்புக்கு வருது. நேத்து கூட்டத்துலதான் இந்தப் பகுதியில பெரிசா ஒண்ணும் இல்லன்னு சொல்லியிருக்காங்க. மேலே கேப்பாங்க."

"நீங்கள் சொன்னீர்களா?"

"நான் வாயைத் திறக்கல."

"அதுதான் அம்மா நல்லது. மேலே கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். அந்த ஆள் பொய் எழுதினான், இருபது வருடமாக எல்லாரும் அதைக் கூட்டிக்கொண்டு வந்தோம் என்று சொல்லுங்கள். எனக்கு இனிமேல் என்ன ஆகிவிடப் போகிறது."

"எனக்கு ஆகும் சார்."

அன்று என்னிடமும் இதே பயம்தான் இருந்தது. அதை அவரிடம் சொன்னேன். "எனக்கும் இப்படித்தான் இருந்தது. அப்போது ஏழு பேர்" என்று மட்டும் சொன்னேன். அந்த ஏழு பேரும் என்ன ஆனார்கள் என்று அவர் கேட்டார். ஒரு பையன் அந்தக் கோடையைத் தாண்டவில்லை என்று சொன்னேன்.

வைத்துவிட்டார்.

ஸ்டெல்லாவும் நானும் தொட்டிப் படியில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். மிதுனா பெயருக்கு எதிரே மஞ்சள் வட்டம். நாலு ஐம்பத்தி இரண்டு. ஐம்பத்தி ஐந்து. ஸ்டெல்லா விரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டார். ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது வட்டம் சிவந்தது. அதற்குக் கீழே இன்னொன்று. பிறகு வரிசையாக. ஒன்பது.

"சிவப்பப் பாத்துச் சந்தோஷப்படற பால்வாடி டீச்சர் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்," என்றார் ஸ்டெல்லா. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கோடையில் இறந்த பையனின் வீடு எது என்று கேட்டேன்.

"அவுங்க ஊரை விட்டுப் போயி எத்தினியோ வருஷம் ஆவுது. திருப்பூர்னு சொன்னாங்க. நீங்க வந்து வருத்தப்படுவீங்கன்னு உக்காந்துகினு இருப்பாங்களா சார்?"

ஆறு மணிக்கு வேன் வந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கப் போன பெண்கள் இறங்கினார்கள். மிதுனாவின் அம்மா சங்கீதா கடைசியாக இறங்கினார். மிகவும் குள்ளம், என் மார்புக்குக்கூட வரமாட்டார். இரண்டு கைகளிலும் விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருந்தன. முந்திரிக் கொட்டையின் எண்ணெய் பட்டால் வெந்துபோகும். அந்த விரலால் சோறு பிசைந்து ஊட்டினால் எரியும், குழந்தையின் வாயும் புண்ணாகும். அதனால் கரண்டியால் கஞ்சி ஊற்றிவிட்டுப் படுத்துவிடுவாராம். நேற்று நான் தின்ற வறுத்த முந்திரி ஞாபகம் வந்தது.

ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னார். பிறகு உள்ளே போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். அட்டை எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்திருந்தது. ஆணை வந்த நாளிலிருந்து, அரைக்கிலோ கூட்டாத எடையைத் தனியாக எழுதிவைத்த நோட்டுகளில் முதலாவது அது. முதல் பக்கத்தில் ஏழு பெயர்கள். நான்காவது, சங்கீதா, வயது ஒன்றே முக்கால்.

"இவளையும் நீங்க பாத்திருக்கீங்க சார். நேர்ல இல்ல, பேப்பர்ல."

சங்கீதா எட்டிப் பார்த்தார். "எனக்கும் அரைக்கிலோ போட்டீங்களா?"

"போட்டேன் அம்மா."

"அதான் இம்மாம் உயரத்துலயே நின்னுட்டனா." ஸ்டெல்லாவைப் பார்த்து, "நீ வேற குட்டச்சி குட்டச்சின்னு கூப்புடுவ," என்றார். இருவரும் சிரித்தார்கள். நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்பதற்கு வாக்கியம் தயார் செய்து கோயம்புத்தூரிலிருந்து கொண்டுவந்திருந்தேன். ஆரம்பித்தேன்.

"அத வுடுங்க சார்," என்றார் சங்கீதா. "நாளைக்கி ஆஸ்பத்திரிக்கு நீங்களும் வர்றீங்களா, இல்லையா? சீட்டு கீட்டுன்னு இங்கிலீசுல எதனா கேட்டா டீச்சருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது."

இரவு சிதம்பரத்தில் தங்கி, மூன்றாம் நாள் காலை பேருந்து நிலையத்தில் அவர்கள் மூவருக்காகக் காத்திருந்தேன். சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு சாப்பிடாமல் நான் திரும்பியதில்லை. அன்று ஓட்டல் வரை போனேன், இலை போட்டார்கள், எழுந்து வந்துவிட்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. பசி எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஏழு மணிக்கு வர வேண்டிய அவர்களுடைய பஸ் எட்டே காலுக்கு வந்தது. அதற்குள் புவனகிரியிலிருந்து கடைக்காரரின் போன் வேறு.

"பெரியவரே, என் கல்லு வருதா, இல்ல ஆஸ்பத்திரியில அட்மிட் ஆயிட்டுதா?"

"இன்று மாலை கொண்டுவந்து தருகிறேன்."

"அந்தப் புள்ள?"

"பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள்."

"அப்ப கல்லு மெதுவா வரட்டும்."

ஸ்டெல்லா முன்னால் போனார். பஸ் நிலையத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொஞ்ச தூரம்தான், ஆனால் ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தூரம் சொன்னார்கள். நான் வாதாட ஆரம்பித்தேன். சங்கீதா ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சார், இவள கொஞ்சம் புடிங்க. கை எரியுது. நடந்துடலாம்," என்று மிதுனாவை என் கையில் கொடுத்தார்.

நேற்று ஏழு கிலோ சுமந்தவன் நான். அது எப்படி இருக்கும் என்று என் தோளுக்குத் தெரியும். இரும்பு கீழே இழுத்தது. இந்தக் குழந்தை இழுக்கவில்லை. என் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்துக்கொண்டது.

சீட்டைக் காட்டினோம். யாரும் எதுவும் கேட்கவில்லை, இங்கிலீஷும் தேவைப்படவில்லை. ஒரு நர்ஸ் குழந்தையை வாங்கி, கொலுசைக் கழற்றச் சொல்லி, தராசில் உட்காரவைத்தார்.

"ஏழு எழுநூத்தம்பது," என்று சொல்லிக்கொண்டே அட்டையில் எழுதத் தொடங்கினார். ஐம்பது கிராம் இறங்கியிருக்கிறது, அல்லது கொலுசு. நான் மேசைக்குக் கிட்டே போய் நின்றேன்.

"இன்னா சார் பாக்கறீங்க?" என்றார் நர்ஸ்.

ஒன்றுமில்லை என்றேன். ஏழு எழுதினார், புள்ளி வைத்தார், ஏழு ஐந்து எழுதினார். பேனாவைத் தூக்கி மூடினார். எதையும் கூட்டவில்லை.